கழுவி வைத்த அரிவாள்

ஜூனியராகச் சேர்ந்து மூன்றாவது வருடம் எனக்கு. தம்பி அண்ணனை வெட்டிய வழக்கு ஒன்று ஆபீசுக்கு வந்தது. வாழைத் தோட்டங்களில் தார் வெட்டப் போகும் ஆள், வயது முப்பதுக்குள். சம்பவத்துக்கு ஆறேழு மாதம் முன்பிருந்தே, வாழையிலைகள் தன்னைப் பற்றிக் குசுகுசுவென்று பேசுவதாகச் சொல்லித் திரிந்திருக்கிறார். வீட்டார் பூசாரியிடம் நாலைந்து தடவை கூட்டிப் போயிருக்கிறார்கள், அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒரே ஒரு தடவை. அங்கே கொடுத்த சீட்டு மட்டும்தான் எங்கள் கையில் இருந்த ஆவணம். அதை வைத்து என் சீனியர் அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 84-ஐ எடுத்தார் (2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 22). சித்த சுவாதீனம் இல்லாமல், தான் செய்வது இன்னதென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்று சொல்லும் பிரிவு.

மருத்துவர் கூண்டில் ஏறி, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, மனச்சிதைவு நோய் என்று தெளிவாகத்தான் சொன்னார். அரசு வக்கீலான பி.பி. எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சம்பவத்துக்கு அப்புறம் எதிரி அரிவாளைத் தொட்டித் தண்ணியில கழுவி, இறவாரத்துல செருகி வச்சிருக்கார். செஞ்சது தப்புன்னு தெரியாத ஆள் கழுவுவாரா, டாக்டர்?"

மருத்துவர் கொஞ்சம் தயங்கி, "சொல்ல முடியாது" என்றார். ஜட்ஜ் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். வழக்கு அந்த இடத்தில் முடிந்தது என்பது சீனியரின் தோள்கள் இறங்கியதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் அம்மா உட்கார்ந்திருந்தார். எதிரிக்கும் செத்தவருக்கும் அவர்தான் அம்மா. உள்ளே என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். "அவன் எப்பவும் கழுவித்தான தம்பி வைப்பான். வாழைக்கறை பட்டா இரும்பு கருத்துப் போவும்லா" என்றார். அரசுத் தரப்புச் சாட்சியாக அவர் ஏற்கனவே கூண்டில் நின்றவர்தான். குறுக்கு விசாரணையில் இதை நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. ஆயுள் தண்டனை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், இது உகாண்டாக்காரர் ஒருவரைப் பற்றிய பதிவு. 2021 பிப்ரவரியில், கொரோனாவால் எங்கள் கோர்ட்டுகள் பாதி வீடியோவில் ஓடிக்கொண்டிருந்த சமயம், ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். கையில் வழக்கு இல்லாத வக்கீல் என்ன செய்வார், படித்தேன். மனநோய் என்ற எதிர்வாதத்தை அந்த நீதிமன்றம் முழுசாக எடுத்து விசாரித்த முதல் வழக்கு அது. படிக்கப் படிக்கத் தொட்டித் தண்ணீரும் இறவாரமும்தான் கண்ணில் நின்றன.

டொமினிக் ஓங்வென். வடக்கு உகாண்டாவின் அச்சோலி இனத்தவர். ஓங்வென் என்றால் ஈசல் பறக்கும் பருவத்தில் பிறந்தவன் என்று அர்த்தமாம். முதல் மழைக்கு ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்று வளர்ந்தவன் நான். பெயரைப் படித்ததுமே ஆள் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டான். 1987-ல், சுமார் 9 வயதில், பள்ளிக்கூடம் போகிற வழியில் ஜோசப் கோனியின் ஆட்கள் அவனைத் தூக்கிப்போனார்கள். கோனி நடத்திய கிளர்ச்சிப் படைக்குப் பெயர் ஆண்டவரின் எதிர்ப்புப் படை, சுருக்கமாக எல்.ஆர்.ஏ. பிள்ளைகளைப் பிடித்துப்போய், அடித்து, சக பிள்ளையைக் கொல்லவைத்து, திரும்பிப் போக ஊரே இல்லை என்று நம்பவைத்துச் சிப்பாயாக்குவதுதான் அந்தப் படையின் ஆள்சேர்ப்பு முறை.

2004-ல் அதே ஆள் அந்தப் படையின் சினியா பிரிகேடுக்குத் தளபதி.

தமிழில் எழுதும்போது இங்கே கை நின்றுவிடுகிறது. தூக்கிப்போகப்பட்ட பையனை 'அவன்' என்று எழுதிவிட்டேன். தளபதியை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எந்த நாளில் எந்த வரியில் மாற்றுவது? சட்டத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. 18 வயதுக்குக் கீழே செய்த எதையும் ஹேக் நீதிமன்றம் விசாரிக்காது, அதற்கு மேல் விசாரிக்கும். ஓங்வென் மீதான குற்றச்சாட்டுகள் 2002 ஜூலை முதல் 2005 டிசம்பர் வரையிலான காலத்தவை. அப்போது அவர் இருபதுகளில் இருந்தார். ஆகவே அவர்.

போருக்குப் பயந்தும், அரசு விரட்டியதாலும் அச்சோலி ஜனங்கள் அப்போது முகாம்களில் அடைந்து கிடந்தார்கள். நெருக்கியடித்த மண்குடிசைகள், புல்கூரைகள், ஒரு தீக்குச்சி போதும். பஜூலே, ஓடெக், லுக்கோடி, அபோக் என்று நான்கு முகாம்கள் மீதான தாக்குதல்களுக்காக ஓங்வென் விசாரிக்கப்பட்டார். 2004 ஏப்ரல் 29-ல் ஓடெக்கில் குறைந்தது 52 பேர். மே 19-ல் லுக்கோடியில் குறைந்தது 48 பேர். ஓடெக் கோனியின் சொந்த ஊர்ப் பகுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொந்த ஜனங்களே தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற கோபம் அந்தப் போர் முழுக்க ஓடியது. லுக்கோடியில் கொள்ளைச் சாமான்களைப் பெண்கள் தலையில் ஏற்றியபோது, கைக்குழந்தைகள் பாரத்துக்கு இடைஞ்சல் என்று புதருக்குள் வீசியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவில்லை.

70 குற்றச்சாட்டுகளில் 61 நிரூபணமாயின. கொலை, சித்திரவதை, அடிமைப்படுத்துதல், பிடித்து வந்த சிறுமிகளை 'மனைவி'களாக வைத்திருந்தது, வன்புணர்வு, கட்டாயக் கர்ப்பம். அந்த வரிசையில் ஒன்று, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படையில் சேர்த்துச் சண்டைக்கு அனுப்பியது. தனக்கு நடந்ததைத் தானே செய்ததற்காகக் குற்றவாளி.

இதைப் படிக்கும் தமிழர் சிலருக்கு வேறு பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வரும். எனக்கும் வந்தன. அது வேறு கதை, தனியாக எழுத வேண்டியது.

சரி, மனநோய் வாதத்துக்கு வருகிறேன். ஹேக் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தின் 31-வது பிரிவு நம் 84-ஐவிட ஒரு விதத்தில் தாராளமானது. நம்மிடம் ஒரே கதவு: செய்வது இன்னதென்று, தவறென்று தெரிந்திருந்ததா. ரோம் சாசனத்தில் இரண்டாவது கதவும் உண்டு: தெரிந்திருந்தும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திராணி இருந்ததா. நிரூபிக்கும் சுமையிலும் வித்தியாசம். இங்கே புத்தி சரியில்லை என்று காட்டும் பாரம் எதிரியின் தலையில். ஹேக்கில் கடைசிவரை குற்றம் சாட்டும் தரப்பின் தலையில்தான். ஆனால் கதவு பெரிது, நிலைப்படி உயரம். மனநோய் அந்தத் திறனைக் குறைத்திருந்தால் போதாது, மங்கச் செய்திருந்தால் போதாது, அழித்திருக்க வேண்டும். சாசனத்தின் சொல் அதுதான். மனித மனதில் எது முழுசாக அழிகிறது? மனச்சிதைவு முற்றிய ஆள்கூடப் பசித்தால் சோற்றுப்பானையைத் தேடிப் போகிறார்.

ஓங்வெனின் வக்கீல்கள் இரண்டு உகாண்டா மனநல மருத்துவர்களைக் கொண்டுவந்தார்கள். கடும் மனச்சோர்வு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு, தன்னிலிருந்து தான் பிரிந்துபோகும் நோய் என்று அவர்கள் சொன்ன பட்டியல் நீளம். அதில் என்னை நிறுத்தியது ஒரு விவரம். தனக்குள் இரண்டு டொமினிக் இருப்பதாக அவர் மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறார். டொமினிக் ஏ, டொமினிக் பி. ஒருவர் நல்லவர், சிரிக்கப் பேசுபவர். இன்னொருவர் சண்டைக்காரர், மூர்க்கர். எனக்கு மேலே வந்த அவன்-அவர் சங்கடம், அவருக்கு மண்டைக்குள்ளேயே.

நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. காரணங்களைத் தொழில்காரனாகப் படித்தால் குறை சொல்வது கஷ்டம். அந்த இரு மருத்துவர்களும் அவருக்குச் சிகிச்சை ஆலோசனையும் சொன்னார்கள், நிபுணர் சாட்சியமும் கொடுத்தார்கள். வைத்தியரும் சாட்சியும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. அவர் வாயால் சொன்னதைப் பிறர் சொன்னதோடு வைத்துச் சரிபார்க்கவில்லை. பாசாங்காக இருக்குமோ என்று உரிய முறையில் சோதிக்கவில்லை. குற்றம் சாட்டும் தரப்பின் மூன்று நிபுணர்களுக்கு வேறொரு பலவீனம். ஓங்வென் அவர்களிடம் பேச மறுத்ததால் ஆளையே பார்க்காமல் காகிதங்களைப் பார்த்துத்தான் சொன்னார்கள். அது நீதிபதிகளைப் பெரிதாக உறுத்தவில்லை.

தீர்ப்பைக் கடைசியில் சாய்த்தவர்கள் மருத்துவர்கள் இல்லை. கூட இருந்த சிப்பாய்களும் 'மனைவி'களும்தான். வருஷக்கணக்கில் அருகிலிருந்த யாரும் பித்துப் பிடித்த ஒருவரை வர்ணிக்கவில்லை. வர்ணித்தது திட்டம் போடத் தெரிந்த, ஆட்களைப் பிரித்து அனுப்பத் தெரிந்த, தன் ஆட்களுக்குப் பிடித்த ஒரு தளபதியை. தாக்குதல் முடிந்ததும் ரேடியோவில் கணக்குச் சொல்லியிருக்கிறார். உகாண்டாப் பாதுகாப்புப் படையினர் அந்த அலைவரிசையை ஒட்டுக்கேட்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நோட்டுகள் சாட்சியாவணமாயின. திட்டம் போடுகிறவர், முடிந்ததும் மேலிடத்துக்குத் தகவல் சொல்கிறவர், தன் செயலை அறியாதவரா?

அரிவாளைக் கழுவினாரா, கழுவினார். அதே கேள்வி, அதே பதில்.

முதல் வாசிப்பில் எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார், கோபமும் வந்தது. 9 வயதிலிருந்து அதைத்தானே சொல்லிக்கொடுத்தார்கள். ரேடியோவில் கணக்குச் சொல்வதும் ஒரு வாழைக்கறைப் பழக்கம்தானே என்று தோன்றியது. இரண்டாவது வாசிப்பில் அந்த நினைப்பு நிற்கவில்லை. எங்கள் ஆள் இலைகள் பேசிக் கேட்டவர், ஒரு நாள், ஒரு வெட்டு. இங்கே மூன்றரை வருடம், நான்கு முகாம்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு திட்டம். பழக்கம் என்ற சொல் அவ்வளவு பாரம் தாங்காது. அதோடு, அதே வயதில் அதே காட்டுக்குள் இழுத்துப்போகப்பட்டவர்கள் பல ஆயிரம் பேர் தப்பி வந்து உகாண்டாவின் பொதுமன்னிப்பை வாங்கினார்கள். நீதிமன்றம் இதைத்தான் அவருடைய இன்னொரு எதிர்வாதத்துக்கும், அதாவது உயிர்ப்பயத்தால் செய்தேன் என்பதற்கும், பதிலாக வைத்தது. கோனி எப்போதும் பக்கத்தில் இல்லை, மற்றவர்கள் ஓடினார்கள், இவர் பதவியில் ஏறிக்கொண்டே போனார்.

தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. ஓங்வெனுக்காகச் சொல்ல வேண்டியிருந்த விஷயம் அவருடைய வளர்ப்பு. 9 வயதுக்குப் பிறகு சரி தப்பு சொல்லிக்கொடுக்க யாருமில்லை, இருந்தவர்கள் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது. ஆனால் வளர்ப்புக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை, நோய்க்கு இருக்கிறது. சட்டம் எங்கே கதவு வைத்திருக்கிறதோ அதற்குள்தான் கட்சிக்காரரைக் குனிய வைத்து நுழைக்க வேண்டும் என்பார் என் சீனியர். வளர்ப்பை நோயாக மாற்றி எழுதினார்கள். நோய் என்று எழுதியதும் அது வேறு பரீட்சைக்குப் போய்விட்டது: அறிகுறி என்ன, எப்போது தொடங்கியது, பாசாங்கா, யார் பார்த்தார்கள். அதில் தோற்றதோடு வளர்ப்பும் சேர்ந்து தோற்றமாதிரி ஆகிவிட்டது.

இந்தக் கதவுப் பிரச்சினை ஹேக்கில் தொடங்கியதில்லை. நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் வழக்கில், ஹிட்லருக்குத் துணையாக இருந்த ருடால்ஃப் ஹெஸ் எல்லாம் மறந்துபோச்சு என்று உட்கார்ந்திருந்தார். மருத்துவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். 1945 நவம்பர் 30-ம் தேதி அவரே எழுந்து, மறதி நடிப்பு, ஒரு தந்திரத்துக்காகச் செய்தேன் என்று அறிவித்தார். அதற்குப் பிறகும் அவர் மனநிலை சரியாக இருந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் போர்க்குற்ற வழக்கில் மனநோய் என்று வாய் திறக்கிற ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் அன்றைய ஹெஸ் நிற்கிறார். யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தில் எசாத் லாண்ட்ஜோ என்ற இளம் முகாம் காவலர், மனப்பொறுப்பு குறைந்திருந்தது என்று வாதாடினார். ஆளுமைக் கோளாறு இருந்தது, ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த முடிந்தது என்று 15 வருடம் கொடுத்தார்கள். மேல்முறையீட்டில், குறைந்த மனப்பொறுப்பு குற்றத்தைத் துடைக்காது, தண்டனையைத்தான் குறைக்கும் என்று முடிவாயிற்று.

இதில் பலரும் குழப்பிக்கொள்கிற ஒன்று உண்டு. அன்றைக்கு எப்படி இருந்தார் என்பது ஒரு கேள்வி, இன்றைக்கு வழக்கைப் புரிந்துகொள்கிறாரா என்பது இன்னொன்று. கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற கொலைகார ஆட்சியில் அமைச்சராக இருந்த இயெங் திரித் 2012-ல் விடுவிக்கப்பட்டதும், ருவாண்டா இனப்படுகொலை வழக்கில் இருபது வருடத்துக்கு மேல் ஒளிந்திருந்து பிடிபட்ட ஃபெலிசியன் கபுகாவின் விசாரணை 2023-ல் நின்றதும் இரண்டாவது கேள்வியால். இருவருக்கும் மறதி நோய். குற்றமற்றவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஓங்வெனையும் நீதிமன்றமே ஒரு டச்சு மனநல மருத்துவரை வைத்துப் பார்த்தது. அவர் நோய் இருப்பதாகத்தான் எழுதினார். ஆனால் அவர் பார்த்தது 2016-ல் சிறையில் இருந்த ஓங்வெனை. 2004-க்கு அது சாட்சியாகாது.

அச்சோலி ஜனங்களிடம் இதற்கெல்லாம் வேறு பேச்சு இருக்கிறது. கொன்றவனைச் செத்தவரின் ஆவி பிடிக்கும், அதன் பெயர் சென். சென் பிடித்தவனுக்குத் தூக்கம் போகும், கெட்ட கனா வரும், வீட்டாருக்கும் தொற்றும். மருத்துவர் பேரதிர்ச்சி நோய் என்று எழுதுகிற அறிகுறிகள் பலவும் அதில் உண்டு. ஆனால் பெரிய வித்தியாசம், நோய் என்றால் பொறுப்பு குறைகிறது. சென் என்றால் பொறுப்பு இருப்பதால்தான் அது வந்திருக்கிறது. காட்டிலிருந்து திரும்பி வந்தவர்களை வீட்டுக்குள் விடும் முன் ஒரு சடங்கு செய்வார்கள். வாசலில் ஒரு கோழி முட்டை, ஒரு வழுவழுப்பான மரத்தின் குச்சி, தானியக் குதிரின் கூரையைத் தூக்கி முட்டுக்கொடுக்கும் கழி. வந்தவர் முட்டையை மிதித்து உடைத்து, குச்சியையும் கழியையும் தாண்டி உள்ளே வர வேண்டும். பல முகாம்களில் ஒரே நாளில் வரிசையாக நின்று மிதித்திருக்கிறார்கள்.

ஓங்வெனுக்கு அந்த முட்டை கிடைக்கவில்லை. 2016 டிசம்பரில் விசாரணை தொடங்கியபோது, எல்.ஆர்.ஏ.வின் கொடுமையை அனுபவித்தவர்களுள் தானும் ஒருவன், எல்.ஆர்.ஏ. என்பது தானல்ல என்ற பொருளில் பேசினார். அந்த விசாரணையை லுக்கோடியில் திரை கட்டிக் காட்டினார்கள். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் வக்கீல்கள் மூலம் வழக்கில் பங்கெடுத்தார்கள். அவர்களில் எத்தனையோ பேரின் பிள்ளைகளும் ஓங்வெனைப்போலப் பிடித்துப்போகப்பட்டவர்கள்தான். இரு பக்கமும் அம்மாவாக இருப்பது என் கட்சிக்காரரின் தாய்க்கு மட்டும் வந்த விதி என்று நினைத்திருந்தேன்.

தண்டனை விசாரணையில் வளர்ப்பு பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. பாதிக்கப்பட்டோர் தரப்பு ஆயுள் கேட்டது. ஓங்வெனின் வக்கீல்கள் 10 வருடத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். குற்றம் சாட்டிய தரப்பே கடத்தப்பட்ட பால்யத்தைச் சொல்லி, 20-க்குக் குறையாமல் என்று இறங்கி வந்தது. 2021 மே 6-ல் 25 வருடம். மனத்திறன் கணிசமாகக் குறைந்திருந்தது என்பதை அப்போதும் நீதிபதிகள் ஒப்பவில்லை. 9 வயதில் பிடித்துப்போகப்பட்டதை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். மூவரில் ஒருவரான ராவுல் பங்கலங்கன் 30 வேண்டும் என்று மாறுபட்டார். இருவருக்கும் ஒருவருக்கும் நடுவில் இருக்கும் அந்த ஐந்து வருடம்தான் கடத்தப்பட்ட பையனின் பங்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். சட்டப்படி அது சரியான கணக்கில்லை, எனக்கும் தெரியும்.

2022 டிசம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி. அடுத்த டிசம்பரில் தண்டனையைக் கழிக்க நார்வேக்கு அனுப்பினார்கள். 2024 பிப்ரவரியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு உத்தரவானது, சுமார் 50,000 பேருக்கு, தலைக்கு 750 யூரோ, அதோடு சமூக மறுவாழ்வுப் பணிகள். ஓங்வெனிடம் காசு இல்லை. நீதிமன்றத்தின் அறக்கட்டளை நிதிதான் திரட்ட வேண்டும். கோனி இன்னும் பிடிபடவில்லை.

நாலைந்து வருடம் முன்பு அந்த அம்மா திரும்ப வந்தார். சீனியர் இறந்துவிட்டார், ஆபீஸ் என் பெயரில் இருக்கிறது. பரோல் மனு போட வேண்டும் என்றார். பையன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"ஜெயில்ல மாத்திரை குடுக்காவ தம்பி. இப்ப எல பேசுதுன்னு ஒண்ணும் சொல்லதில்ல. தெளிஞ்சிட்டான்."

நல்லதுதானே என்றேன்.

"தெளிஞ்ச பெறவுதான் அழுதான். கண்ண மூடுனா அண்ணன் நிக்கான்ங்கான். ராத்திரி பூரா உக்காந்திருக்கானாம்." கொஞ்ச நேரம் பேசாமல் மனுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார். "இதுக்கும் மாத்திரை இருக்குமா தம்பி, இல்ல கோயில்லதான் ஏதும் செய்யணுமா?"

ஸ்டாம்ப் பேடைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். பெருவிரலை ஒற்றி, காகிதத்தில் பதித்து, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.